அந்த இலைக்கு ஆள் வருது

டெல்டா மாவட்டங்களின் விருந்தோம்பல் வரலாற்றில் இதுவரை எவராலும் பதிவு செய்யப்படாத ஒரு நிகழ்ச்சியை இன்று பகிரங்கமாக அறிவிக்கிறேன். பெரியவர்கள் எழுந்து நிற்க வேண்டாம். முழங்கால் வலி எனக்கும் தெரியும். செல்போனை மட்டும் கொஞ்சம் கீழே வையுங்கள். அறிவிப்பு இதுதான்.

ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனேன். எனக்கு இலை போடவில்லை.

சிரிக்கலாம். நானும் முதல் பத்து நிமிஷம் சிரித்தேன். ஆனால் இது நடந்தது. நான் பேய், ராசிபலன், ஆண்டு விழா மலர் எதையும் நம்பாதவன். இத்தனை வருஷமாக அவற்றைக் கிண்டல் செய்துதான் எழுதி வருகிறேன். போன பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் 6.28 முதல் 7.38 வரை நடந்ததை மட்டும் எனக்குக் கிண்டல் செய்ய வரவில்லை. மூன்று தடவை எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டு, நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் யோனாஸ்.

யோனாஸ் ஜெர்மன்காரன். வயது பத்தொன்பது. அங்கே பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளைச் சர்ச் மூலமாக ஒரு வருஷம் வெளிநாட்டுக்குத் தொண்டு செய்ய அனுப்புகிறார்கள். இவனுக்கு விழுந்தது பூம்புகார் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஒரு ஊர்ச் சர்ச்சும் அதன் பிள்ளைகள் விடுதியும். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள்.

தங்கியது மெயின் ரோட்டில் என் வீட்டு மாடியில். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற வதந்தியை நம்பி, ‘உள்ளூர்ப் பொறுப்பாளர்’ என்று ஒரு படிவத்தில் பாஸ்டர் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். நான் சர்ச்சுக்குப் போவது வருஷத்தில் இரண்டு நாள். கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஒரு நாள், அறுவடைப் பண்டிகை ஏலத்துக்கு ஒரு நாள்.

யோனாஸ் காலை ஐந்தரைக்கு எழுவான். சைக்கிளில் விடுதிக்குப் போய் முப்பத்தொரு பிள்ளைகளைப் பல் தேய்க்க வைப்பான், தலை சீவிவிடுவான், பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றுவான். பகலில் தன் துணியைத் தானே துவைப்பான். அதை வேடிக்கை பார்க்க அடுத்த தெருவிலிருந்து ஆட்கள் வருவார்கள். நாலு மணிக்கு இங்கிலீஷ் வகுப்பு. இது அவன் வேலை. சர்ச் கமிட்டி அவனுக்குக் கொடுத்த வேலை வேறு. நிற்பது. கழிப்பறைத் திறப்பு விழா, கபடிப் போட்டி, மளிகைக் கடைத் திறப்பு, எதுவானாலும் போட்டோவில் நடுவில் ஒரு வெள்ளைக்காரன் நிற்க வேண்டும். பக்கத்தில் கமிட்டிச் செயலாளர் துரைராசு நிற்பார். சென்னையில் பாங்க் வேலை முடித்து இரண்டு வருஷம் முன்னால் ஊர் திரும்பியவர். மைக் இல்லாமல் வீட்டில் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார் என்று பேச்சு.

யோனாஸுக்கு அப்பா இல்லை. அம்மா நர்ஸ். இவன் ஒரே பிள்ளை. வந்த முதல் வாரமே அந்த அம்மா வீடியோ காலில் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி இங்கிலீஷில் பேசினார். “எனக்கு வேறு எதுவும் வேண்டாம். தினமும் உங்கள் நேரம் ஏழரைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.”

வாக்குக் கொடுத்தேன். ஐந்து மாதம் ஒரு நாள் தவறவில்லை.

அவனுக்குத் தெரிந்த தமிழ் ஆறே வார்த்தை. அதில் உயிர் காக்கும் வார்த்தையான ‘போதும்’ என் உபயம். எங்கள் பக்கம் போதும் என்றால் இன்னும் இரண்டு கரண்டி விழும். அதனால் கூடவே இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன். இலையை மடித்துவிடு. மேல் பாதியை உன் பக்கமாக மடக்கு. எதிர்ப் பக்கமாகத் தள்ளி மடித்தால் அது சாவு வீட்டுச் சாப்பாடு. அந்தத் தப்பை மட்டும் செய்துவிடாதே.

இப்போது ஏலத்துக்கு வருகிறேன்.

சம்பா அறுத்து முடிந்ததும் அவரவர் விளைச்சலைக் காணிக்கையாகச் சர்ச்சில் கொண்டுவந்து வைப்பார்கள். நெல், பூசணிக்காய், வாழைத்தார், உயிர்ச் சேவல். ஆராதனை முடிந்ததும் பந்தலில் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு எலுமிச்சம்பழம் நானூறு ரூபாய்க்குப் போகும். வாங்கியவர் அன்று முழுக்க அதைக் கையில் பிடித்துக்கொண்டே திரிவார். எனக்கு இதைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

பகல் 12.10. சேவலும் போய்விட்டது. கூட்டம் பிரியாணி அண்டா பக்கம் நகரத் தொடங்கியது. துரைராசுவுக்கு மைக்கை விட மனசு வரவில்லை.

“அன்பான இறைமக்களே! இப்ப ஒரு ஸ்பெஷல் அயிட்டம்!” யோனாஸின் கையைப் பிடித்து மேடையில் ஏற்றினார். “இன்னைக்கு சாயங்காலம் நம்ம யோனா தம்பி உங்க வீட்டுல வந்து சாப்பிடுவாரு! போட்டோ எடுத்துக்கலாம்! ஐந்நூறுல ஆரம்பிக்கிறேன்!”

யோனாஸ் என்னைப் பார்த்தான். “என்ன விற்கிறார்கள்?” என்று இங்கிலீஷில் கேட்டான்.

“உன்னைத்தான்” என்றேன்.

சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் நான் எழுந்து நிறுத்தியிருக்கலாம். படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தானே. ஆனால் கட்டுரைக்கு நல்ல விஷயம் கிடைத்துவிட்டது என்று உட்கார்ந்திருந்தேன்.

“எண்ணூறு!”

“ஆயிரம்! ஆனா பாத்திரம் அவருதான் கழுவணும்!”

“டேய், உங்க வீட்டுல பாத்திரம் இருக்கா முதல்ல?”

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். கத்தவில்லை. ஆனாலும் மைக்கைத் தாண்டிக் கேட்டது.

“ஐயாயிரம்.”

இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று மிச்சமிருந்தவர்களும் அண்டா பக்கம் போய்விட்டார்கள். துரைராசு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று அவசரமாக முடித்து, “பேரு சொல்லுங்கய்யா” என்றார்.

“அரசப்பன்னு எழுதிக்குங்க. வாய்க்கால் தெரு, கடைசி வீடு. ஆறரைக்கு அனுப்பிடுங்க. பிள்ளை பசி தாங்காது.”

திரும்பிப் பார்த்தேன். பந்தல் கால் ஓரமாக ஒரு வெள்ளைச் சட்டை முதுகு. தோளில் பச்சைத் துண்டு. போய்க்கொண்டிருந்தது. ஊரில் எல்லோரையும் முகம் பார்த்துச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான், உபதேசியார் இராஜாங்கம். முப்பது வருஷமாக அந்தச் சர்ச்சில் மணியடித்து, பாடம் சொல்லி, கல்லறைக்குக் கூட்டிப்போகிறவர். அவர் அப்போது பிரியாணி அண்டாவுக்குக் காவல் நின்றார்.

வீட்டுக்கு வந்து என் மனைவி வானதியிடம் சொன்னேன். “அஞ்சாயிரம் குடுத்து ஒருத்தனுக்குச் சோறு போடறாங்கன்னா, கூடப் போற உங்களுக்கும் கிடைக்கும். இன்னைக்கு என் அடுப்புக்கு லீவு” என்றாள்.

6.12க்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

அறுப்பு முடிந்த வயல்களில் உளுந்து தலைகாட்டியிருந்தது. அங்கங்கே உருட்டிவிட்ட வைக்கோல் கட்டுகள். இந்த மாதத்தில் எங்கள் பக்கம் பொழுது சாய்ந்தால் லைட் என்று ஒன்று எரிய முடியாது. சின்னப் பூச்சிகள் கூட்டமாக வந்து மொய்க்கும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். பின்னால் யோனாஸ் வாயை மூடிக்கொண்டு வந்தான். அனுபவம்.

6.25. வாய்க்கால் தெரு. பத்து வீடு வரிசையாக இருந்தன. பத்தாவது வீட்டு வாசலில் ஒரு பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரு வீட்டுக்கு சார்?”

“கடைசி வீட்டுக்கும்மா.”

“கடைசி வீடு இதான் சார்.”

“அதோ, மூங்கில் கொல்லையைத் தாண்டி ஒண்ணு தெரியுதே. லைட் எரியுது பாருங்க.”

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தித் தாழ் போடும் சத்தம் கேட்டது. சண்டைக்காரர்கள் போலிருக்கிறது, வேலித் தகராறாக இருக்கும் என்று நினைத்தேன்.

6.28. ஓட்டு வீடு. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. கிறிஸ்துமஸுக்குக் கட்டியதை ஈஸ்டர் வரை இறக்காதது எங்கள் தேசிய குணம். அதன் சிவப்பு முழுக்க வெளுத்திருந்தது. நிலைக்கு மேலே ஒரு குண்டு பல்பு.

பல்பைச் சுற்றி ஒரு பூச்சிகூட இல்லை.

அதைப் பார்த்தேன். மனசில் போட்டுக்கொள்ளவில்லை.

அரசப்பன் நிலையில் நின்றார். அறுபது வயதிருக்கும். “வாப்பா... வா” என்று யோனாஸின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வணக்கம் சொன்னேன். பதில் இல்லை. காது மந்தம் என்று நினைத்தேன்.

உள்ளே கூடத்தில் பாய் விரித்து இரண்டு இலை போட்டிருந்தது.

ஒன்றில் யோனாஸை உட்கார வைத்தார். இன்னொன்று எனக்கு என்று வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தேன். அந்த இலைக்கு முன்னால் பாயில் ஒரு துண்டு விரித்திருந்தது. பச்சைத் துண்டு. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி.

“அங்க ஆள் வருது.”

அந்த வீட்டில் என்னிடம் பேசிய வார்த்தை அவ்வளவுதான். அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

சரி, நமக்கு அடுத்த பந்தி என்று சுவரோரமாக இருந்த ஒரு டிரங்குப் பெட்டியில் உட்கார்ந்தேன். ஐம்பத்திரண்டு வயதுக்குள் எத்தனையோ பந்தியில் சாப்பிட்டவன். துண்டு போட்டு இடம் பிடித்து வைத்த முதல் பந்தி இதுதான். மனசுக்குள் ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினேன்.

சமையலறைக்குக் கதவு இல்லை. பழைய ஃப்ளெக்ஸ் ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் ஃப்ளெக்ஸுக்கு மறுபிறவி உண்டு. வைக்கோல் போருக்குக் குடை, ஆட்டுக்குக் கூரை. இதில் மேலே ஒரு விமானம். கீழே கமிட்டிக்காரர்கள் பதினாலு பேர் கைகூப்பி நின்றார்கள். ‘வாழ்த்தி வழியனுப்பும்’ என்று பாதி எழுத்து. நடுவில் பெரிதாக ஒரு இளைஞன் முகம். மடிப்பில் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

6.34. ஃப்ளெக்ஸ் விலகியது. ஒரு அம்மா சோற்றுச் சட்டியோடு வந்தார். “மலர்க்கொடி, குழம்பு முதல்ல ஊத்து” என்றார் அரசப்பன். ஆவி பறக்கும் சோறு. விரால் மீன் குழம்பு. பைபிளில் யோனாவை மீன் விழுங்கும், இங்கே யோனாவுக்கு மீனா என்று ஒரு ஜோக் சொன்னேன்.

யாரும் திரும்பவில்லை.

யோனாஸும் திரும்பவில்லை.

அவனுக்குப் பரிமாறிவிட்டு அடுத்த இலைக்கும் பரிமாறினார். துண்டு மட்டும் இருக்கிற இலைக்கு. அதே அளவு சோறு. அதே மாதிரி நடுத்துண்டு மீன்.

6.41. அப்போதுதான் உறைத்தது. ஆவி பறக்கிறது. குழம்பு ஊற்றுகிறார்கள். மீன் வாசனை இல்லை. அடுப்புப் புகை வாசனையும் இல்லை.

“நல்லா சாப்பிடு” என்றார் மலர்க்கொடி. “அங்க சோறு ஏது? எல்லாம் ரொட்டி...”

யோனாஸ் சாப்பிட்டான். தலை நிமிராமல் சாப்பிட்டான். வழக்கமாக நாலு வாய்க்கு ஒரு தடவை தண்ணீர் குடிப்பான், காரம். அன்று குடிக்கவில்லை. இலை பாதி காலியாகும்போது அடுத்த கரண்டி விழுந்தது. அவன் போதும் என்று சொல்லவில்லை.

6.50. “யோனாஸ், நேரமாச்சு” என்றேன்.

கேட்கவில்லை.

சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்குக் கேட்டது. அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

பக்கத்து இலையைப் பார்த்தேன்.

சோற்றுக் குவியல் பாதியாகியிருந்தது.

மீனில் முள் ஒதுக்கி வைத்திருந்தது. இலையின் ஓரத்தில், வரிசையாக.

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் மரத்துப் போயிருந்தது. இரண்டு காலும், இடுப்பு வரை. கையால் பிடித்து இழுத்தேன். வேறு யாருடைய காலையோ இழுப்பது போலிருந்தது.

7.05. குளிர்ந்தது. எங்கள் ஊர்ப் பனி இல்லை அது. பல்லுக்குள் இறங்குகிற குளிர். யோனாஸ் மூச்சு விட்டான்... வாயிலிருந்து புகை வந்தது.

பக்கத்து இலைக்கு மேலே, ஒரு ஆள் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில், அங்கிருந்தும் புகை வந்தது.

விட்டு... விட்டு... ஒரே சீராக.

7.12. அரசப்பன் உள் அறையிலிருந்து இரண்டு தலையணை கொண்டுவந்தார். இரண்டு போர்வை. “ராத்திரி இங்கயே படுத்துக்கட்டும். இனிமே எங்க போகணும்?”

“ஆமா” என்றார் மலர்க்கொடி. “ரெண்டு பேருமா இருக்கட்டும். துணையாச்சு.”

யோனாஸ் தலையாட்டினான். “சரிம்மா” என்றான்.

அந்த வார்த்தையை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கத்தினேன். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பெட்டியோரம் கழற்றிப் போட்டிருந்த செருப்பில் ஒன்றை எடுத்து எறிந்தேன். அது அவன் முதுகில் பட்டுக் கீழே விழுந்தது. அவன் அடுத்த கவளத்தை உருட்டினான். நெஞ்சுக்குள் ஒரே ஒரு எண்ணம். இவன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லப்போகிறேன்?

என் போனை எடுத்தேன். மணி காட்டியது. வேறு எதற்கும் உதவவில்லை.

7.20.

உதடு நீலமாகியிருந்தது அவனுக்கு.

இன்னும் சாப்பிட்டான்.

7.25.

சட்டியில் சோறு குறையவே இல்லை.

7.30.

யோனாஸின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவன் எடுக்கவில்லை. அடித்து நின்றது.

மறுபடி அடித்தது.

மலர்க்கொடியின் கரண்டி நடுவில் நின்றது. குனிந்து, அவன் பையிலிருந்து போனை எடுத்தார். திரையில் ஒரு பெண் முகம். கண்ணாடி போட்ட, தூக்கம் கெட்ட, ஒரு நர்ஸின் முகம். அதை வெகுநேரம் பார்த்தார்.

“அம்மாதாண்டா” என்றார். “பேசு. காத்திருப்பாங்க.”

போனை யோனாஸிடம் கொடுக்கவில்லை.

பக்கத்து இலைக்கு நேராகப் பிடித்தார்.

திரையில் யோனாஸின் அம்மா ஏதோ கேட்டார். நிறுத்தினார். தலையாட்டினார். முகம் கொஞ்சம் மாறியது. மறுபடி கேட்டார்... நிறுத்தினார். பதில் சொல்கிறவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். எனக்கு அவர் குரல் மட்டும் கேட்டது. அவர் நிறுத்திய இடங்களில் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் “டாங்கே” என்றார். நன்றி. அந்த ஒரு ஜெர்மன் வார்த்தை எனக்குத் தெரியும். மலர்க்கொடி போனை யோனாஸின் பையிலேயே திரும்ப வைத்தார்.

7.36. யோனாஸின் இலை மடிந்தது.

அவன் கை இரண்டும் மடியில் இருந்தன.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இலையின் கீழ்ப் பாதி தானாக எழுந்து, எதிர்ப் பக்கமாகப் போய், மெதுவாகப் படிந்தது.

மலர்க்கொடி சட்டியோடு நின்றார். மடித்த இலையையே பார்த்தார். “இன்னும் ரெண்டு வாய்...” என்றார்.



என் காலில் ரத்தம் ஓடியது. எழுந்தேன். அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். இழுத்தேன். வந்தான்.

7.38. வாசல். பல்பு எரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

7.41. மூங்கில் கொல்லையைத் தாண்டியதும் அவன் போன் மறுபடி அடித்தது. வண்டியை நிறுத்தி நான் எடுத்தேன். யோனாஸின் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ரோட்டுக்கு வந்துவிட்டீர்களா?”

“வந்துவிட்டோம்.”

“அவன் தனியாக இல்லையே?”

“நான் இருக்கிறேன்.”

வைத்துவிட்டார். ஏன் அப்படிக் கேட்டார் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. முகத்தில் பூச்சிகள் வந்து மோதின. அவ்வளவு சந்தோஷமாக நான் பூச்சி தின்றதே இல்லை.

பின்னாலிருந்து யோனாஸ் இங்கிலீஷில் மெல்லச் சொன்னான். “அவனுடைய அம்மா... போதும் என்றால் கேட்கவே மாட்டார்களாம்.”

எவனுடைய அம்மா என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் அவனுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். பிப்ரவரி வெயிலில் மூன்று போர்வைக்குள் நடுங்கினான். சாப்பிட்டது, பேசியது, எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை பகல் 11 மணிக்கு உபதேசியார் இராஜாங்கத்தைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். பெயரைச் சொன்னதும் அவர் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார். மீதித் தூரம் தள்ளிக்கொண்டே வந்தார். அந்த வீட்டுக்குக் கரண்ட் ஒயரே இல்லை. கதவில் பூட்டு துருப்பிடித்து ஒட்டியிருந்தது. வாசல் முழுக்க நெருஞ்சி. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கூடத்தின் பாதி ஓடு சரிந்து கிடந்தது. சமையலறை வாசலில் ஃப்ளெக்ஸ் தொங்கியது. தரையில் என் இடது செருப்பு.

பக்கத்தில் இரண்டு இலை. ஒன்று மடித்திருந்தது. ஒன்று வழித்துத் துடைத்தது போல் காலியாக இருந்தது. எறும்பு இல்லை.

“பரிதி. அவங்க ஒரே பிள்ளை” என்றார் இராஜாங்கம். “நம்ம சர்ச்சுலேர்ந்து ஜெர்மனிக்கு வாலண்டியரா அனுப்பினோம் சார். ஒம்பது வருஷம் ஆச்சு. முதல் ஆளு. கடைசி ஆளும் அவன்தான். எவ்வளவு பெரிய ஃப்ளெக்ஸ் வச்சோம் தெரியுமா? வழியனுப்ப ரெண்டு வேன்...”

“என்ன ஆச்சு?”

“ஜனவரி மாசம். கடைசி பஸ்ஸ விட்டுட்டு, தனியா நடந்தே வந்திருக்கான். பனி கொட்டியிருக்கு. காலையில ரோட்டோரமா கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முந்தின நாள்தான் அம்மாகிட்ட போன்ல பேசியிருக்கான். ‘சோறு தின்னு எட்டு நாளாச்சும்மா’ன்னு.” சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தார். “அதுலேர்ந்து மலர்க்கொடி தினம் ஒரு இலை சேர்த்துப் போடும். யாரையும் உட்கார விடாது. ரெண்டு வருஷம் போட்டுச்சு. அப்புறம் அதுவும் போய்ச் சேர்ந்துச்சு. அரசப்பன் அடுத்த மாசம். மூணு பேரையும் நான்தான் அடக்கம் பண்ணிவச்சேன்.”

இதையாவது ஏதோ ஒரு கணக்கில் அடக்கிவிடலாம். காய்ச்சல், களைப்பு, பிரியாணி. நானும் அப்படித்தான் அடக்கப் பார்த்தேன்.

புதன்கிழமை மாலை யோனாஸின் அம்மாவிடமிருந்து எனக்கு ஒரு நீண்ட செய்தி வந்தது. அதை அப்படியே தமிழில் தருகிறேன்.

“அன்று உங்களோடு சாப்பிட்ட அந்த இளைஞருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் இவ்வளவு அழகாக ஜெர்மன் பேசுகிறவர் இருப்பதை யோனாஸ் எனக்குச் சொல்லவே இல்லை. அதுவும் எங்கள் பகுதி உச்சரிப்பு! அவர் சொன்னதுபோலவே பத்து நிமிடம் பொறுத்து மறுபடி அழைத்தேன். ‘என் அம்மா நல்லவர், ஆனால் வந்தவரைப் போக விட மாட்டார், உங்கள் பிள்ளையை நான் அனுப்பிவைக்கிறேன், ரோட்டுக்கு வந்துவிட்டானா என்று மட்டும் கேளுங்கள், தனியாக நடக்க விடாதீர்கள்’ என்றார். நல்ல பையன். ஆனால் அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். உதடெல்லாம் நீலமாக இருந்தது. தலையிலும் தோளிலும் வெள்ளையாக ஏதோ கொட்டியிருந்தது. சோறாக இருக்கும் என்று நினைக்கிறேன்.”

நான் இன்னும் பதில் எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து நான் சாப்பிட்டது உப்புமா.